துபாஷி பேசாத காலை

சேசு மரி சூசை

பினாங்கு,
6 மார்ச் 1934

என் அன்பு மகள் டோரதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தேவ கிருபையால் நலம். அந்த நலத்தில் என் பங்கு மட்டும் கொஞ்சம் குறைவு, அதைப் பிறகு சொல்கிறேன். சென்ற கப்பலில் உன் கடிதம் வரவில்லை. அதற்கு முந்தின கப்பலிலும் வரவில்லை. மெட்ராஸில் வைத்தியம் படிக்கிறவளுக்குக் கடிதம் எழுத நேரம் ஏது என்று உன் அம்மாவுக்கு நான் சமாதானம் சொல்கிறேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து எல்லா இலாகாவிலும் ஆட்குறைப்பு. எங்கள் கோர்ட்டில் இருந்த இன்னொரு தமிழ்த் துபாஷியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய வேலையும் இப்போது என் தலையில். காலையில் போலீஸ் கோர்ட்டு, மத்தியானம் சிவில் வழக்குகள், நடுவில் ஜாமீன் மனுக்கள். சோற்றை வாயில் போடும்போதே பியூன் வந்து நிற்கிறான். தமிழனுக்கு இங்கிலீஷும் ஜட்ஜுக்குத் தமிழும் நான்தான். "நான் திருடினேன்", "நான் அவளை அடித்தேன்", "நான் அன்று குடித்திருந்தேன்" என்று நாள் முழுக்க பிறருடைய 'நானை'ச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வந்த பிறகு என்னுடைய 'நான்' எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தூக்கம் சரியாக இல்லை. தூக்கத்தில் இங்கிலீஷில் பேசுகிறேனாம். உன் அம்மாவுக்கு அது புரியாததால் பயப்படுகிறாள்.

இன்னொன்றும் நடந்தது. சென்ற வாரம் அவள், நாளைக்கு என்ன மீன் வாங்கட்டும், கடையில் காளாஞ்சி நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான், "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்" என்றேன். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்களுக்குச் சொல்வது, வாயில் அப்படியே வந்துவிட்டது. கேள்வி கேட்டதே அவள்தான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை வரை அவள் என்னோடு பேசவில்லை. பூசை முடிந்தும் மீனைப் பற்றிப் பேசவில்லை.

தேர்வு நெருங்குகிறது. வேளைக்குச் சாப்பிடு. கோவிலில் எல்லோரும் உன்னை டாக்டரம்மா என்றே விசாரிக்கிறார்கள்.

உன் அன்பு அப்பா,
செபாஸ்டியன்

*

மெட்ராஸ்,
22 மார்ச் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

டோரதியின் அன்பு முத்தங்கள். கடிதம் எழுதாதது என் தப்புதான். அம்மாவிடம் நீங்கள் சொன்ன சமாதானத்தையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கடைசியில் வருத்தமாகிவிட்டது. அம்மாவுக்குக் காளாஞ்சி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பேசுவார்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை சொல்லலாமா? சிரிக்கக் கூடாது. இங்கே என் அறையில் ஷரீஃபா என்று ஒரு பெண் இருக்கிறாள், வேலூர்க்காரி. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவள் உடனே எழுந்துவிட மாட்டாள். விடுதி மொட்டைமாடியில் அப்படியே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருப்பாள். எதையாவது வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். வேண்டியதெல்லாம் தொழுகையிலேயே ஆயிற்று, இது சும்மா இருப்பது என்றாள். ஒரு நாள் மனது சரியில்லாமல் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது தினமும் உட்காருகிறேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நினைவு எங்காவது ஓடிவிடும். ஓடினால் அதைத் திட்டாமல் மறுபடி மூச்சுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். நம் கோவிலில் வருஷத்துக்கு ஒரு முறை தியானம் கொடுக்கும்போது சுவாமியார் பேசாமல் இருக்கச் சொல்வாரே, அது மாதிரி, ஆனால் தினமும். செபமாலையை விடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு வார்த்தையே இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது.

தேர்வு ஏப்ரலில். படிக்கிறேன்.

உங்கள் மகள்,
டோரதி

*

சேசு மரி சூசை

பினாங்கு,
3 மே 1934

அன்பு மகளுக்கு,

நீ சிரிக்கக் கூடாது என்றாய், அதனால் சிரித்து முடித்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

வீட்டின் நடுவில் வெளிச்சம் விழும் முற்றத்தில் மர முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் கோர்ட்டு கூடிவிட்டது. "இல்லிங்க, நான் அப்ப அங்க இல்லிங்க" என்று ஒருவன். அவன் முடிப்பதற்குள் நான் அதை இங்கிலீஷில் சொல்கிறேன். இன்னொருத்தி தாலியைக் காட்டி அழுகிறாள், அதையும் சொல்கிறேன். வெளியே அஞ்சடி நடைபாதையில் ரொட்டிக்காரர் மணியடித்தால் மணிக்கு மொழிபெயர்ப்பு. சேவல் கூவினாலும் அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று மனது தேடுகிறது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு வியாதி இருப்பதே நீ சொல்லித்தான் தெரிந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 'திட்டாமல் திரும்பி வா' என்று எழுதியிருந்தாயே, அது பிடித்திருந்தது. என்னை யாரும் திட்டாமல் திரும்பக் கூப்பிட்டு வெகு காலம் ஆகிறது.

உன் அம்மாவுக்குத்தான் சந்தேகம். உதடு அசையாமல் ஜெபம் ஏது, இது இந்துச் சாமியார்கள் செய்வதல்லவா என்று கேட்டாள். மெட்ராஸில் துலுக்கப் பெண் சொல்லிக் கொடுத்தது என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். நேரே சுவாமியாரிடம் போய்விட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அமலம்மாள், அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சர்வேசுரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, உனக்கும் இல்லை" என்று அனுப்பிவிட்டாராம். மறுநாளிலிருந்து நான் உட்காரும்போது அவளும் அரிசி முறத்தோடு எதிரே வந்து உட்காருகிறாள். காவலுக்கு என்று நினைத்தேன். முறத்தில் கை போகும் சத்தம் மட்டும் கேட்கும். அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. இந்த மௌனம் அந்த மீன் வாரத்து மௌனம் மாதிரி இல்லை.

தூக்கம் பரவாயில்லை. தேர்வு எப்படி எழுதினாய்? முடிவு வந்ததும் தந்தி கொடுத்தாலும் சரிதான்.

உன் அப்பா,
செபாஸ்டியன்

*

மெட்ராஸ்,
4 ஜூன் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா முறத்தோடு உட்காருவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஷரீஃபாவிடம் சொன்னேன். உன் அம்மாவும் அரிசியைப் பார்த்துக்கொண்டு அதையேதான் செய்கிறார்கள் என்றாள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. விடுதியில் தண்ணீர் காலையில் மட்டும். ஷரீஃபாவின் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி எங்களுக்கெல்லாம் இனிப்பு வந்தது. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கோவிலில் நம் ஊர் மாதிரியே ஞாயிற்றுக்கிழமை பாடுகிறார்கள். நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். தேர்வு முடிந்துவிட்டது. மழை இன்னும் வரவில்லை.

நீங்கள் விடாமல் உட்காருங்கள் அப்பா.

உங்கள்,
டோரதி

*

சேசு மரி சூசை

பினாங்கு,
19 ஜூலை 1934

என் அன்பு டோராவுக்கு,

தேர்வு முடிந்த செய்தி கிடைத்து வீடே சந்தோஷத்தில் இருக்கிறது. பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் அம்மா பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழம் வரவழைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இன்று ஒரு வழக்கைப் பற்றி எழுத வேண்டும். வேறு யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பக்கிரிசாமி என்பவன் ஒரு நாள் விடியற்காலையில் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தான். மண்டையில் அடி. அவன் பெண்சாதி பெயர் புஷ்பவள்ளி, இருபத்தைந்து வயது இருக்கும். முந்தின ராத்திரி இரண்டு பேருக்கும் சண்டை நடந்ததை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். காலையில் அவள் பிணத்தின் மேல் விழுந்து, "பாவி, நானே கொன்னுட்டேனே" என்று கதறியதையும் கேட்டிருக்கிறார்கள். போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொலைக் குற்றம்.

மாஜிஸ்திரேட்டு முன்னால் விசாரணை. அக்கம்பக்கத்துச் சாட்சிகள் முடிந்து, நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று அவளைக் கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "நான்தான் சாமி கொன்னுட்டேன்" என்றாள்.

டோரா, நான் வேகமான துபாஷி என்று பெயர் வாங்கியவன். சாட்சி மூச்சு விடுவதற்குள் இங்கிலீஷ் வந்துவிடும். அதுவும் வந்துவிட்டது, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்றேன். அந்த ஒரு மூச்சில்தான் அவள் சொன்ன விதம் காதில் விழுந்தது. அது வாக்குமூலம் சொல்கிற குரல் இல்லை. ஒப்பாரியின் மிச்சம்.

மாஜிஸ்திரேட்டு பேனாவோடு என்னைப் பார்த்தார். நான், வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் 'நான் அவனைக் கொன்றேன்' என்பதுதான், ஆனால் எங்கள் பெண்கள் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது கொன்றவளும் இப்படித்தான் சொல்வாள், கொல்லாதவளும் இப்படித்தான் சொல்வாள், இது எது என்று அந்த வார்த்தையை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது, அவளையே கேட்க அனுமதி வேண்டும் என்றேன். போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, துபாஷியின் வேலை வார்த்தையைச் சொல்வது மட்டும்தான் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மாஜிஸ்திரேட்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் என்ன செய்தாள் என்று கேள் என்றார்.

கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குடிச்சிட்டு வந்தாரு சாமி. இன்னிக்கு உள்ள விடமாட்டேன்னு கதவத் தாழ் போட்டுட்டேன். தட்டுனாரு, தட்டுனாரு, அப்பறம் சத்தமே இல்ல. எங்கயாச்சும் போயிருப்பாருன்னு படுத்துட்டேன். படியிலயே படுத்திருக்காரு. விடிஞ்சு தெறந்தா கீழ கெடக்குறாரு. தாழ் போட்டது நான்தானே."

இதை 'நான், நான்' என்று நானே இங்கிலீஷில் சொல்ல வேண்டும் அல்லவா, சொன்னேன். மாஜிஸ்திரேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரி டாக்டரும் வந்து, காயம் படியில் உருண்டதால் வந்த காயம்தான், வயிற்றில் சாராயம் இருந்தது என்று சாட்சி சொன்னார். அவளை விட்டுவிட்டார்கள்.

விடுதலை என்று நான் தமிழில் சொன்னபோது அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அப்படியே நின்றாள். நிபோங் திபால் தோட்டத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு தலைமைக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, இப்போதெல்லாம் நான் தாமதமாகச் சொல்கிறேன், வழக்குகள் தேங்குகின்றன என்றார். மேல்கோர்ட்டுத் துபாஷி வேலை எனக்கு வரும் என்றிருந்தது. அது எங்கள் கோர்ட்டுக் குமாஸ்தா ராமதாஸுக்குப் போய்விட்டது. பிள்ளை வேகமானவன், நல்லவனும்கூட. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். மறுநாள் காலையில் உட்கார்ந்தபோது அந்த வருத்தமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

நீ சொல்லிக் கொடுத்தது இது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா,
செபாஸ்டியன்

*

மெட்ராஸ்,
9 ஆகஸ்ட் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷரீஃபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை, ஆனால் அன்று முழுவதும் அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? அண்ணன் வீட்டில் நன்றாக வைத்துக்கொள்கிறார்களா? அங்கே ராத்திரியில் கதவைத் தாழ் போடும்போது அவளுக்கு எப்படி இருக்கும்? கோர்ட்டில் யாரும் அவளைக் கேட்காமலே இருந்திருந்தால், தாழ் போட்டதைச் சொல்லாமலே தூக்குக்குப் போயிருப்பாளா?

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறீர்கள். கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யா அப்பா? சொன்னதெல்லாம் உண்மையாக இருந்து, கேட்கிறவர்கள் தாங்களாகவே வேறு ஒன்றை நினைத்துக்கொண்டால், அந்தப் பாவம் யாருடையது?

வழக்கு சம்பந்தமாகத்தான் கேட்கிறேன். இங்கே மழை வந்துவிட்டது. அம்மா அனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. டுரியான் கொடுத்தது வேண்டாத வேலை, அம்மாவிடம் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள்,
டோரதி

*

சேசு மரி சூசை

பினாங்கு,
27 ஆகஸ்ட் 1934

என் கண்ணே,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. மறுநாள் காலை முற்றத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகு அதை எடுத்து இன்னொரு முறை படித்தேன், கோர்ட்டில் ஒரு சாட்சி சொல்வதைக் கேட்பதுபோல் மெதுவாக. அப்போதுதான் கேட்டது.

ஜூன் மாதம் நீ 'தேர்வு முடிந்துவிட்டது' என்று எழுதினாய். அவ்வளவுதான் எழுதினாய். அதை 'தேறிவிட்டாள்' என்று மொழிபெயர்த்துக் கோவில் வாசலில் சொன்னது நான். அது உன் வார்த்தை இல்லை, என் வார்த்தை. நீ கேட்டாயே, அந்தப் பாவம் யாருடையது என்று. பாவம் என்றெல்லாம் எதுவும் இல்லை. தப்பு என்றால் மொழிபெயர்த்தவனுடையது.

ஆகவே கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். என்ன நடந்தது, டோரா?

எனக்கு அவசரம் இல்லை. இந்தக் கப்பலில் எழுதாவிட்டால் அடுத்த கப்பலில் எழுது. எதை எழுதினாலும் நான் உன் அப்பாதான். உன் அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையே.

உன் அப்பா

*

மெட்ராஸ்,
14 செப்டம்பர் 1934

அப்பா,

தேறவில்லை.

எழுத்துத் தேர்வில் பரவாயில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, இது எந்தப் பக்கத்துக் கை, எங்கே பொருந்தும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். ராத்திரி பகலாகப் படித்தது அது. கை நடுங்கி எலும்பு தரையில் விழுந்து ஓரம் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு என் பெயரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கை நடுக்கம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. வகுப்பு, வார்டு, பிணம் அறுக்கும் கூடம், மறுபடி படிப்பு. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் ஷரீஃபா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உங்களுக்கு எழுதும்போது 'மனது சரியில்லாமல்' என்று மட்டும் எழுதினேன். தினமும் உட்கார்ந்தேன், அது உண்மை. உட்கார்ந்தும் தவறினேன், அதுவும் உண்மை. நான் சொல்லிக் கொடுத்தது உங்களுக்குப் பலித்தது, எனக்கு மட்டும் பலிக்கவில்லையே என்று உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும்போது சந்தோஷத்தோடு வெட்கமும் வந்தது.

அக்டோபரில் மறுபடி எழுதலாம். நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் சொல்ல முடியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை அப்பா. உங்கள் சந்தோஷத்தை உடைக்கக் கை வரவில்லை.

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

டோரதி

*

சேசு மரி சூசை

பினாங்கு,
30 செப்டம்பர் 1934

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மீதியையும் படி என்றாள். முடிந்ததும் எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றாள். நான் கூடப் போகவில்லை. போயிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது வழக்கம்போல டாக்டரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். நான்கைந்து பேர் நின்றார்கள். நான், "அவள் தேர்வில் தவறிவிட்டாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. திரும்ப எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்" என்றேன். வீடு வரை நடந்து வந்தேன். காது சுட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் இனி என் சந்தோஷம் என்று ஒன்று உனக்கும் தேர்வுக்கும் நடுவில் நிற்காது.

நீ அக்டோபரில் எழுது என்றோ எழுதாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. சொல்ல நாக்கு துடிக்கிறது, வழக்கறிஞர்களைப் பார்த்தே வளர்ந்த நாக்கு. ஆனாலும் சொல்லவில்லை. உனக்குப் பலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எது பலித்தால் பலித்த மாதிரி என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மேல்கோர்ட்டு வேலை கிடைக்கவில்லை. இருந்தாலும் தினமும் உட்காருகிறேன்.

காலையில் கொஞ்சமாவது சாப்பிடு. ஷரீஃபாவுக்கு என் ஆசீர்வாதம். அவளுக்குச் சேர்த்து ஊறுகாய் அனுப்புகிறோம்.

உன் அப்பா,
செபாஸ்டியன்

*

மெட்ராஸ்,
25 அக்டோபர் 1934

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அப்பா வாசித்துக் காட்டட்டும்.

தேர்வு நாளன்று காலையில் வழக்கம்போல மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். குளித்து, சாப்பிட்டு, ஷரீஃபாவோடு கிளம்பினேன். அவளுக்கும் ஒரு பாடம் நின்றுபோயிருந்தது. கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சில் காத்திருந்தோம். என் கையைப் பார்த்தேன், அசையாமல் மடியில் இருந்தது. அவளிடம் காட்டினேன். அவள் சிரித்தாள்.

மணி அடித்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

பயத்தினால் இல்லை அப்பா. அதைத்தான் உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் பயம்தான் என்னை உள்ளே போக விடவில்லை, அது போனால் போய்விடுவேன் என்று நினைத்திருந்தேன். அன்று பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் பார்த்தால் ஆசையும் இல்லை. உடம்பைத் திறந்து பார்க்க எனக்கு விருப்பமே இருந்ததில்லை. வார்டில் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். பெரிய டாக்டர் வந்ததும் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அவர் போனதும் என்னிடம் சொல்வார்கள். அதற்கு என்ன படிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வேலையா, வேறு ஏதாவதா, இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஷரீஃபா வெளியே வரும் வரை அங்கேயே இருந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் நன்றாக எழுதியிருக்கிறாள்.

விடுதித் தலைவியிடம் சொல்லிவிட்டேன். நவம்பர் கடைசியில் கிளம்பும் கப்பலில் வரலாம் என்றிருக்கிறேன், நீங்கள் வரச் சொன்னால். அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை. கோபமாக இருந்தால் அதையாவது சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
டோரதி

*

சேசு மரி சூசை

பினாங்கு,
8 நவம்பர் 1934

என் அன்பு டோராவுக்கு,

நீ கப்பல் ஏறும் முன் இது கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். வா. துறைமுகத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். நான் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ராமதாஸ் என் வேலையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

உன் கடிதத்தை வாசித்ததும் உன் அம்மா, நான் சொல்கிறேன், எழுதுங்க என்றாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து கையெழுத்து மட்டும்தானே, அதனால் இத்தனை நாள் என் கடிதத்திலேயே அவளும் இருப்பதாக நினைத்துவிட்டேன். இனி வருவது அவள் சொல்வது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"டோரா, ஒங்கப்பா எழுதறாரு, நான் சொல்றேன். கோவம்லாம் இல்ல. நீ பெயிலானதுக்கும் நான் அழல. இத்தன மாசமா தனியா வச்சிக்கிட்டு இருந்தியே, அதுக்குத்தான் அழுதேன். சாப்பாடு கொமட்டுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் கப்பல் ஏறி வந்திருப்பேன்லா. இனிமே அப்படிச் செய்யாத.

"கோவில்ல யாராச்சும் கேட்டா நான் பேசிக்கறேன். ஒங்கப்பாவப் பேச விட்டா கூட்டாம கொறைக்காம சொல்லிட்டு வந்து நிக்கிறாரு. அது கோர்ட்டுக்குச் சரி. நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். எம் பொண்ணு பாதி டாக்டரு, மீதியும் வேணாம்னு அவளா வச்சிட்டா, அப்படின்னு சொல்லுவேன். இத எழுதுங்க, விடாம எழுதுங்க.

"காலையில நாங்க ஒக்கார்ற எடத்துல ஒனக்கும் ஒரு பாய் போட்டு வச்சிருக்கேன். வந்து ஒக்காரு, இல்ல தூங்கு, ஒன் இஷ்டம். நான் அரிசி பாக்கறத மட்டும் தொந்தரவு பண்ணாத. அந்த ஷரீஃபா பொண்ணு லீவுல வந்தா கூட்டிக்கிட்டு வா. சீக்கிரம் வா."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒரு திருத்தம் இருக்கிறது. 'சீக்கிரம் வா' என்பதை அவள் மூன்று முறை சொன்னாள். அழுகையில் ஒன்றாகக் கேட்டதால் நான் ஒன்றுதான் எழுதினேன். மற்ற இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சீக்கிரம் வா. சீக்கிரம் வா.

உன் அப்பா,
செபாஸ்டியன்